இரதங்களின்மேல் சாய்ந்த அரசர்கள்: எபிரேயத் திருமறையில் படைவலிமையும் இறைநம்பிக்கையும்

அரசன் தன் படைபலத்தை நம்பிக் கடவுளை மறந்தான் என்ற குற்றச்சாட்டு, கிறித்தவர்கள் பழைய ஏற்பாடு என்று வழங்கும் எபிரேயத் திருமறையில், பல நூற்றாண்டுகளில் பல கைகள் எழுதிய நூல்களிலெல்லாம் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. சட்டநூல் அதை விதியாக வகுக்கிறது. வரலாற்று நூல்கள் அரசர்களின் வாழ்க்கையில் அதை வைத்துக் காட்டுகின்றன. கடவுளின் பெயரால் அரசவையிலும் தெருவிலும் பேசிய இறைவாக்கினர்கள் அதைக் கண்டனமாக முழங்குகிறார்கள். சங்கீதங்கள் அதை வழிபாட்டுப் பாடலாக்குகின்றன. ஆயினும் இதே திருமறை கடவுளைச் சேனைகளின் கர்த்தர் என்று அழைக்கிறது, தாவீதின் வீரர்களைப் பெயர் சொல்லிப் போற்றுகிறது, போருக்குத் தகுந்த ஆண்களைக் கணக்கெடுக்கும்படி கடவுளே கட்டளையிட்டதாகவும் அத்தொகை 6,03,550 என்றும் எண்ணாகமத்தில் பதிவு செய்கிறது. படை வைத்திருப்பதே பாவமென்று அது எங்கும் சொல்லாதபோது, உண்மையில் கண்டிக்கப்படுவது எது என்ற கேள்வி எழுகிறது.

இதற்கு வழக்கமாக இரண்டு விடைகள் தரப்படுகின்றன. கடவுள் அற்புதமாகத் தலையிட்டுக் காப்பார், ஆகையால் ஆயுதம் வீண் என்பது பக்தி மரபின் விடை. வரலாற்று ஆய்வு மரபோ இந்தக் கருத்து எப்போது, யாரிடையே தோன்றியது என்று கேட்கிறது. பழைய இஸ்ரயேலின் திருப்போர் பற்றி 1951இல் நூல் எழுதிய ஜெர்மானிய அறிஞர் கெர்ஹார்ட் ஃபான் ராட், மனிதனின் பங்கு சுருங்கிக் கடவுள் தனித்தே போரிடுவதாக வரும் கதைகள் முடியாட்சி நிலைபெற்ற பின்னர் எழுந்த சிந்தனையில் உருப்பெற்றவை என்று வாதிட்டார். இரண்டு விடைகளிலும் உண்மை உண்டென்றாலும், கண்டனத்தின் உள்ளே இருக்கும் அரசியலை இரண்டுமே போதிய அளவு வெளிக்கொணரவில்லை. படைப்பெருக்கம் அரசனை எதுவாக மாற்றுகிறது, அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள், அது யாருடைய வாசலில் அவனைக் கொண்டுபோய் நிறுத்துகிறது என்னும் மூன்று கேள்விகளும் ஏறத்தாழ ஒவ்வொரு பகுதியிலும் மறைந்தோ வெளிப்படையாகவோ நிற்கின்றன; அவற்றை ஒன்றுசேர்த்துப் படிக்கும்போது பல வழிகள் எகிப்தை நோக்கிச் செல்வதைக் காணலாம்.

உபாகமம் 17ஆம் அதிகாரத்தில் உள்ள அரசனைப் பற்றிய சட்டமே இதற்கு அடிப்படை. அரசன் குதிரைகளைப் பெருக்கக் கூடாது, மனைவியரைப் பெருக்கக் கூடாது, வெள்ளியையும் பொன்னையும் மிகுதியாகச் சேர்க்கக் கூடாது என்று மூன்று தடைகளை விதிக்கும் அச்சட்டம், குதிரைகளுக்காக மக்களைத் திரும்ப எகிப்துக்குப் போகவிடக் கூடாது என்ற காரணத்தை முதல் தடையோடு சேர்த்தே சொல்கிறது. அக்காலத்து இஸ்ரயேலில் உழவுக்கு எருதும் சுமைக்குக் கழுதையும் பயன்பட்டன. குதிரை பெரும்பாலும் போர்த்தேருக்கு உரிய விலங்காகவே இருந்தது. ஆகவே குதிரையைப் பெருக்குவது என்பது தேர்ப்படையைப் பெருக்குவது என்றே பொருள்படும். சாலொமோனின் காலத்தில் எகிப்திலிருந்து வந்த தேர் ஒன்றுக்கு 600 வெள்ளிச் சேக்கலும் குதிரை ஒன்றுக்கு 150 சேக்கலும் விலை இருந்ததாக இராஜாக்களின் முதல் நூல் கூறுகிறது (சேக்கல் என்பது வெள்ளியை அளந்த எடை). குதிரைக்கு ஈடாக மக்களையே அனுப்பினார்கள், அதாவது யூதேயாவின் ஆண்கள் எகிப்திய அரசனின் கூலிப்படைக்குப் போனார்கள் என்பதையே இத்தடை சுட்டுகிறது என்று கருதும் அறிஞர்கள் உண்டு. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் நைல் நதியின் எலிபன்டைன் தீவில் யூதப் படைவீரர்களின் குடியிருப்பு ஒன்று இருந்ததை அங்கே கிடைத்த அரமேய மொழிப் பாப்பிரஸ் ஏடுகள் காட்டுவதால், இக்கருத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீட்கப்பட்டதே தன் பிறப்பு என்று நம்பிய ஓர் இனத்துக்கு, தேர்ப்படை வேண்டி அதே நாட்டுக்கு ஆட்களை அனுப்புவது விடுதலையைத் தலைகீழாக்கும் செயலாகவே தெரிந்திருக்கும். தடைகளைச் சொன்ன சட்டம் அரசனுக்கு இடும் ஒரே பணி, சட்டத்தின் படியொன்றைத் தனக்காக எழுதி வைத்துக்கொண்டு வாழ்நாளெல்லாம் வாசிப்பது. அவன் இதயம் தன் சகோதரருக்கு மேலாக உயர்ந்துவிடாதிருக்கவே இப்பணி என்று அது விளக்கமும் தருகிறது.

இதே அச்சம், முடியாட்சி வேண்டுமென்று மக்கள் கேட்டபோது இறைவாக்கினர் சாமுவேல் விடுத்த எச்சரிக்கையில் இன்னும் கூர்மையாக வெளிப்படுகிறது. அரசன் உங்கள் மகன்களைப் பிடித்துத் தன் தேர்களுக்கு முன்னே ஓடச் செய்வான், தன் வயல்களை உழவும் போர்க்கருவிகளைச் செய்யவும் வைப்பான், மகள்களைச் சமையலுக்கும் தைலம் கூட்டுவதற்கும் எடுப்பான், நல்ல நிலங்களைப் பறித்துத் தன் ஊழியருக்குக் கொடுப்பான், விளைச்சலில் பத்தில் ஒன்றை வாங்குவான், கடைசியில் நீங்கள் அவனுக்கு அடிமைகளாவீர்கள் என்னும் வரிசையில் தேர்ப்படையே முதலில் வருகிறது. படையின் செலவுக் கணக்கைக் குடிமக்களின் பக்கத்திலிருந்து இவ்வளவு தெளிவாக எழுதிவைத்த பழைய நூல்கள் அரிது. சாலொமோனைப் பற்றிய பதிவில் அந்த எச்சரிக்கையும் சட்டத்தின் மூன்று தடைகளும் ஒருங்கே வந்து சேர்கின்றன: 1,400 தேர்கள், 12,000 குதிரைவீரர்கள், தேர்களுக்கென்றே கட்டிய நகரங்கள், கல்லைப்போல் மலிந்த வெள்ளி, பின்னர் அந்நிய மனைவியர். நூலாசிரியர் செல்வத்தைப் புகழ்வதுபோல் எழுதிச் சென்று, அடுத்த அதிகாரத்திலேயே வீழ்ச்சியைத் தொடங்குகிறார்.

முடியாட்சிக்கு முன்பு இஸ்ரயேலின் தலைவன் யோசுவா ஆத்சோரின் அரசன் யாபீனுடைய கூட்டணியை மேரோம் நீரண்டையில் வென்றபோது, பிடிபட்ட குதிரைகளின் குதிகால் நரம்பை அறுக்கவும் தேர்களைச் சுட்டெரிக்கவும் கட்டளை பெற்றான். வென்றவன் தோற்றவனின் ஆயுதத்தைத் தனதாக்கிக்கொள்ளக் கூடாது என்பதே அதன் உட்பொருள். தாவீது அரசன் ஆதாதேசரை வென்றபோது அதே செயலைச் செய்தான், ஆனால் 100 தேர்களுக்குப் போதுமான குதிரைகளை மட்டும் வைத்துக்கொண்டான். சாமுவேலின் இரண்டாம் நூல் இதற்கு எந்தக் கருத்துரையும் தராவிட்டாலும், யோசுவாவின் முழுமையான அழிப்புக்கும் சாலொமோனின் முழுமையான பெருக்கத்துக்கும் நடுவே இந்த நூறு நிற்பது வாசகரின் கண்ணுக்குத் தப்பாது. ஆகாபின் விஷயத்தில் திருமறையின் மௌனம் இன்னும் வியப்பூட்டுவது. கி.மு. 853இல் கர்காரில் நடந்த போரைப் பற்றிய அசீரிய அரசன் மூன்றாம் சல்மனாசாரின் கல்வெட்டு, தன்னை எதிர்த்த கூட்டணியில் இஸ்ரயேலின் ஆகாப் 2,000 தேர்களையும் 10,000 காலாட்களையும் கொண்டுவந்ததாகச் சொல்கிறது; தேர் எண்ணிக்கை மிகையென்று ஐயுறுவோர் இருந்தாலும் ஆகாப் அக்காலத்தில் பெரும் படைத்தலைவன் என்பதில் ஐயமில்லை. இராஜாக்களின் நூலோ கர்காரைக் குறிப்பிடுவதே இல்லை. ஆகாபைப் பற்றி அது நீண்டு எழுதுபவற்றுள் ஒன்று, நாபோத் என்ற குடிமகனின் திராட்சைத் தோட்டத்தை அவன் பறித்த கதை.

தாவீதின் குடிக்கணக்கு இவ்வரிசையில் மிகவும் விவாதிக்கப்பட்ட நிகழ்ச்சி. சாமுவேலின் இரண்டாம் நூல் 24ஆம் அதிகாரத்தில், தளபதி யோவாப் மறுத்துச் சொல்லியும் கேளாமல் தாவீது கணக்கெடுக்க ஆணையிடுகிறான். 9 மாதமும் 20 நாளும் சுற்றிவந்த யோவாப், வாளேந்தத் தக்கவர் இஸ்ரயேலில் 8,00,000 பேரும் யூதாவில் 5,00,000 பேரும் என்று அறிவிக்கிறான். பின்னர் எழுதப்பட்ட நாளாகமம் இத்தொகைகளை 11,00,000 என்றும் 4,70,000 என்றும் மாற்றித் தருகிறது. அதைவிட முக்கியமாக, சாமுவேலின் நூல் கர்த்தரின் கோபமே தாவீதைத் தூண்டியது என்று சொன்ன இடத்தில் நாளாகமம் சாத்தானைக் கொண்டுவருகிறது. கணக்கெடுப்பில் என்ன குற்றம் என்று இரு நூல்களும் நேரடியாகச் சொல்வதில்லை. கணக்கெடுக்கும்போது கொள்ளைநோய் வராதிருக்க ஒவ்வொருவனும் அரைச் சேக்கல் மீட்புப்பணம் செலுத்த வேண்டும் என்ற யாத்திராகம விதி மீறப்பட்டது என்பது ஒரு விளக்கம். படைக்கும் வரிக்கும் ஆள்திரட்டும் அரச இயந்திரத்தின் தொடக்கமே இது என்பது இன்னொரு விளக்கம். எண்ணப்பட்டவர்கள் யார் என்று பார்த்தால் இரண்டாவது விளக்கமே வலுப்பெறுகிறது, ஏனெனில் விதவைகளோ அநாதைகளோ பசித்தவர்களோ அந்தக் கணக்கில் இல்லை, வாளேந்தும் கைகள் மட்டுமே இருந்தன. தண்டனையாக வந்த கொள்ளைநோயில் 70,000 பேர் இறந்தார்கள் என்று கதை சொல்லும்போது, எண்ணி மகிழ நினைத்த தொகையே அரசனின் கண்முன் குறைகிறது. பாவம் செய்தவன் நான், இந்த ஆடுகள் என்ன செய்தன என்ற பொருளில் தாவீது கதறுவது, அரசனின் பெருமைக்கு மக்கள் உயிரால் விலை கொடுக்கும் அநீதியைக் கதை மூடிமறைக்கவில்லை என்பதற்குச் சான்று.

நாளாகமத்தின் ஆசிரியர் இப்பொருளில் ஒரு கண்டிப்பான ஆசிரியராகவே நடந்துகொள்கிறார், அதனால் சில இடங்களில் வரலாறு அவர் கையில் பாடமாக இறுகிவிடுகிறது. யூதாவின் அரசன் ஆசாவின் வரலாறு இதற்கு எடுத்துக்காட்டு. பத்து லட்சம் பேரோடு வந்த எத்தியோப்பியனாகிய சேராவுக்கு எதிரில் கடவுளை நோக்கிக் கூப்பிட்டு வென்ற அதே ஆசா, பிற்காலத்தில் வட இஸ்ரயேலின் அரசன் பாஷா ராமாவைக் கோட்டையாக்கத் தொடங்கியதும், ஆலயத்தின் வெள்ளியையும் பொன்னையும் எடுத்துத் தமஸ்குவின் பெனாதாதுக்கு அனுப்பி அவன் படையை வரவழைத்தான். தந்திரம் பலித்தது, ராமா விடுபட்டது. எனினும் அனானி என்ற ஞானதிருஷ்டிக்காரன் வந்து கண்டித்தபோது ஆசா அவனைச் சிறையில் தொழுமரத்தில் மாட்டினான், அதே வேளையில் மக்களில் சிலரை ஒடுக்கினான். இராஜாக்களின் நூல் இதே உடன்படிக்கையைக் கண்டனம் ஏதுமின்றிச் சொல்வதாலும், ஆசாவின் இதயம் வாழ்நாளெல்லாம் நேர்மையாக இருந்தது என்று மதிப்பிடுவதாலும், நாளாகம ஆசிரியரின் தீர்ப்பு அவருடைய சொந்தத் தீர்ப்பே என்பது விளங்கும். ஆனால் அவர் சேர்த்த ஒரு விவரம் பொன்னானது: அந்நியப் படையை நம்பியதும், உண்மை சொன்னவனை அடைத்ததும், குடிகளை ஒடுக்கியதும் அவர் எழுத்தில் அடுத்தடுத்து வருகின்றன.

இவ்வினாவின் உச்சம் எருசலேமில், கி.மு. 8ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில், ஏசாயா என்ற இறைவாக்கினரின் காலத்தில் நிகழ்கிறது. சுமார் 734இல் சீரியாவும் வட இஸ்ரயேலும் கூட்டாக யூதாவைத் தாக்கியபோது, அரசன் ஆகாஸை ஏசாயா வண்ணார்துறைப் பாதையில் மேற்குளத்து மதகருகே சந்தித்து, அமைதியாயிரு, பயப்படாதே என்று சொன்னார். ஆகாஸ் அதைக் கேளாமல் ஆலயத்தின் பொன்னையும் வெள்ளியையும் அனுப்பி அசீரிய அரசன் திகிலாத்பிலேசரின் அடியானானான்; தமஸ்குவில் தான் கண்ட பலிபீடம் ஒன்றின் மாதிரியை எருசலேமுக்கு அனுப்பி அதைப்போலவே செய்வித்தான். கடனாகக் கிடைத்த படை வழிபாட்டிடத்தையும் மாற்றியமைத்தது. ஒரு தலைமுறைக்குப் பின், 701இல், அசீரிய அரசன் சனகெரிப்பின் தூதன் ரப்சாக்கே எருசலேமைச் சரணடையச் சொல்லி நின்ற இடம் அதே மேற்குளத்து மதகு என்று திருமறை குறிப்பது தற்செயலாக இருக்க முடியாது. தந்தை அழைத்து வந்த வல்லரசு, அவன் மறுத்த சொல் பேசப்பட்ட அதே இடத்தில் மகனிடம் கணக்குக் கேட்கிறது.

மகன் எசேக்கியாவைத் திருமறை பெரிதும் மதிக்கிறது, ஆகவே அவனைப் பற்றி அதன் குரல்கள் வேறுபடுவது கவனிக்கத் தக்கது. முற்றுகைக்கு முன் அவன் செய்த ஏற்பாடுகளுக்கு இன்றும் கண்காணும் சான்றுகள் உண்டு. கீகோன் ஊற்றின் நீரை நகருக்குள் கொண்டுவரப் பாறையைக் குடைந்த சுரங்கம் சுமார் 533 மீட்டர் நீளமுள்ளது. இரு பக்கமிருந்தும் குடைந்துவந்த தொழிலாளர் நடுவே சந்தித்ததைச் சொல்லும் எபிரேயக் கல்வெட்டு 1880இல் அதனுள் கண்டுபிடிக்கப்பட்டது. எருசலேமின் யூதர் பகுதியில் 1970களில் நஹ்மான் அவிகாத் அகழ்ந்தெடுத்த அகன்ற மதில் ஏறக்குறைய 7 மீட்டர் தடிப்பானது, அது குடியிருந்த வீடுகளின்மேல் எழுப்பப்பட்டிருந்தது. நாளாகமம் நீர்வழியை எசேக்கியாவின் சாதனையாகப் போற்ற, ஏசாயா 22ஆம் அதிகாரம் ஆயுதசாலையைப் பார்த்தீர்கள், குளங்களில் நீர் சேர்த்தீர்கள், மதிலைப் பலப்படுத்த வீடுகளை எண்ணி இடித்தீர்கள், இதையெல்லாம் உண்டாக்கியவரையோ நோக்கவில்லை என்ற பொருளில் குற்றம் சாட்டுகிறது. ஏசாயா மதிலையோ குளத்தையோ வேண்டாமென்று சொல்லவில்லை. இடிக்கப்பட்ட வீடுகளை நினைவில் வைத்திருக்கிறார். அகழ்வாய்வில் அந்த வீடுகளின் அடித்தளம் மதிலுக்கடியில் கிடைத்தபின், அவருடைய சொல்லை வெறும் உருவகமாகப் படிப்பது கடினம்.

அவருடைய கடுமையான கண்டனம் எகிப்தோடு செய்த உடன்படிக்கையின்மேல் விழுகிறது. 30, 31ஆம் அதிகாரங்களில், குதிரைகள் மிகுதி என்பதற்காக எகிப்திடம் போகிறவர்களை நோக்கி, எகிப்தியரும் மனிதர்களே, அவர்களுடைய குதிரைகளும் சதையே என்று அவர் எச்சரிக்கிறார். நிகழ்ந்தவை அவர் சொன்னதைப் பெரிதும் மெய்ப்பித்தன. எகிப்தியப் படை எல்தெக்கே அருகே சனகெரிப்போடு மோதியது, ஆனால் அது யூதாவைக் காப்பாற்றவில்லை. சனகெரிப்பின் ஆண்டுக்குறிப்பு 46 அரண்சூழ் நகரங்களைப் பிடித்ததாகவும் 2,00,150 பேரை வெளியே கொண்டுவந்ததாகவும் பெருமை பேசுகிறது. லாகீஸ் நகரின் வீழ்ச்சி நினிவே அரண்மனைச் சுவரில் புடைப்புச் சிற்பமாகச் செதுக்கப்பட்டது. இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ள அச்சிற்பங்களில் மூட்டை முடிச்சுகளோடு நாடுகடத்தப்படும் குடும்பங்களைக் காணலாம். எசேக்கியா 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கட்டினான், அதற்காக ஆலயக் கதவுகளின் பொற்றகட்டை உரித்தான் என்கிறது இராஜாக்களின் நூல் (தாலந்து என்பது பெரும் எடையளவு). அசீரியக் குறிப்பு பொன்னில் ஒத்துப்போய் வெள்ளியை 800 தாலந்தாக உயர்த்துகிறது. இதே வரலாற்றைத் திரும்பச் சொல்லும் ஏசாயா 36ஆம் அதிகாரமோ இந்தக் கப்பத்தை அடியோடு விட்டுவிடுகிறது. கீழ்ப்படிந்து பணம் கட்டிய எசேக்கியாவும் நம்பி நின்று மீண்ட எசேக்கியாவும் ஒரே மனிதன் என்பதை இராஜாக்களின் நூல் மறைக்காமல் வைத்திருப்பது அதன் நேர்மைக்குச் சான்று.

எருசலேம் பிடிபடவில்லை என்பதில் இரு தரப்பும் ஒன்றுபடுகின்றன. திருமறை கர்த்தருடைய தூதன் ஓர் இரவில் 1,85,000 பேரைச் சங்கரித்ததாகக் கூறுகிறது. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், எகிப்தின் எல்லையில் சனகெரிப்பின் படையினருடைய வில்நாண்களை எலிகள் கடித்துவிட்டதாக ஒரு கதையைத் தருகிறார். கப்பம் கிடைத்ததே போதுமென்று அசீரியர் திரும்பினர் என்பது பல வரலாற்றாசிரியர்களின் கருத்து. இவ்வினாவுக்கு இவற்றைவிட முக்கியமானது ரப்சாக்கே மதிலருகே பேசிய பேச்சு. எகிப்து, ஊன்றுகிறவன் கையையே குத்தும் நாணற்கோல் என்கிறான் அவன். ஏறுவதற்கு உன்னிடம் ஆட்கள் இருந்தால் 2,000 குதிரை தருகிறேன் என்று எள்ளுகிறான். பிறகு, வேறெந்த நாட்டின் தெய்வமும் அசீரியாவின் கையிலிருந்து தன் நாட்டைக் காக்கவில்லையே என்று தெய்வங்களையும் படைக்கணக்கில் சேர்க்கிறான். எகிப்தைப் பற்றி அவன் சொன்னது ஏசாயா சொன்னதேதான். அவன் பிழைபட்டது கடவுளையும் அளக்கத்தக்க ஒரு பலமாக எண்ணியதில். ஏசாயா 10ஆம் அதிகாரம் அசீரியாவையே வெட்டுகிறவனுக்கு மேலாகப் பெருமை பேசும் கோடரி என்று கண்டிப்பதால், குற்றம் சிறிய யூதாவுக்கு மட்டும் உரியதல்ல, வல்லரசுக்கும் அதே அளவுகோல்தான் என்பது உறுதியாகிறது.

கடவுளை நம்புகிறோம் என்ற பெயரிலேயே படைநம்பிக்கை திரும்பி வரக்கூடும் என்பதைத் திருமறை கண்டுகொண்டது இப்பொருளில் அதன் ஆழமான இடம். பெலிஸ்தரிடம் 4,000 பேரை இழந்த இஸ்ரயேலர், சீலோவிலிருந்து கர்த்தருடைய உடன்படிக்கைப் பெட்டியைப் போர்க்களத்துக்குக் கொண்டுவந்தார்கள். பாளயம் ஆர்ப்பரித்தது, ஆனால் அன்று 30,000 பேர் விழுந்தார்கள், பெட்டியும் பிடிபட்டது. எருசலேம் தப்பித்த நினைவே பின்னர் அதே தவற்றுக்கு வித்தானது. ஆலயம் இங்கே இருப்பதால் நகரம் விழாது என்ற எண்ணம் ஒரு நூற்றாண்டில் கோட்பாடாக இறுகியிருந்ததை எரேமியா 7ஆம் அதிகாரம் காட்டுகிறது. அந்நியனையும் அநாதையையும் விதவையையும் ஒடுக்கிக்கொண்டே ஆலயத்தின் பெயரை மந்திரம்போல் சொல்கிறவர்களிடம், சீலோவுக்கு நேர்ந்ததைப் போய்ப் பாருங்கள் என்கிறார் எரேமியா. கடைசி அரசன் சிதேக்கியா பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சாருக்குச் செய்த ஆணையை முறித்துக் குதிரைகளும் ஆட்களும் கேட்டு எகிப்துக்குத் தூதனுப்பினான் என்று இறைவாக்கினர் எசேக்கியேல் குறிப்பிடுகிறார். பார்வோனின் படை புறப்பட்டது கேட்டுப் பாபிலோனியராகிய கல்தேயர் சற்றே பின்வாங்கினர், பிறகு திரும்பி வந்தார்கள், நகரம் எரிந்தது.

பிற்கால மரபு உபாகமத்தின் அரசனைப் பற்றிய சட்டத்தை எப்படி நடைமுறைக்கு ஏற்றது என்பதைச் சுருக்கமாகவே இங்கே சொல்ல முடியும். சாக்கடல் அருகிலுள்ள கும்ரானின் 11ஆம் குகையில் கிடைத்த ஆலயச் சுருள், மக்களை எகிப்துக்குப் போருக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது என்று தடையை விளக்கி, கோத்திரத்துக்கு 1,000 பேராக 12,000 காவலரை அரசனுக்கு அனுமதித்து, தானாகத் தொடங்கும் போருக்குத் தலைமைக் குருவின் வழியாகக் கடவுளின் விருப்பத்தைக் கேட்டறியாமல் அவன் புறப்படக் கூடாது என்கிறது. யூத சட்டத்தொகுப்பான மிஷ்னா, தன் தேருக்குப் போதுமான குதிரைகளையும் படையினரின் கூலிக்குப் போதுமான பொருளையும் வைத்துக்கொள்ளலாம் என்று எல்லை வகுத்தது. இறைவாக்கினர்களின் நெருப்பு இங்கே விதியாக ஆறியிருக்கிறது என்றாலும், போதுமானது எவ்வளவு என்ற கேள்வியை அரசனின் விருப்பத்துக்கு விடாமல் சட்டத்திடம் ஒப்படைத்தது சிறிய காரியமன்று.

இவ்வளவுக்கும் பின் எந்த விளக்கத்துக்கும் அடங்காமல் நிற்பவன் யூதாவின் அரசன் யோசியா. முழு இதயத்தோடும் கர்த்தரிடம் திரும்பியதில் அவனுக்கு ஒப்பான அரசன் முன்னும் இல்லை பின்னும் இல்லை என்று இராஜாக்களின் நூல் அவனைப் புகழ்ந்து, சில வரிகளுக்குள் அவன் கி.மு. 609இல் மெகிதோவில் எகிப்தின் பார்வோன் நேகோவால் கொல்லப்பட்டதைச் சொல்கிறது. காரணம் எதுவும் கூறவில்லை. நாளாகம ஆசிரியருக்கு அந்த மௌனம் பொறுக்கவில்லை, ஆகவே நேகோவின் வாயிலிருந்து வந்த கடவுளின் சொல்லை யோசியா கேளாமல் வேடம் மாறிப் போருக்குப் போனான் என்று எழுதுகிறார். அவ்விளக்கம் மனத்தை முழுதும் நிறைவு செய்வதில்லை. யோசியாவின் காலத்திலேயே வாழ்ந்த எரேமியா, அவன் மகன் யோயாக்கீம் கூலி கொடுக்காமல் வேலை வாங்கிக் கேதுரு மரத்தால் மாளிகை கட்டியபோது, தந்தையின் ஆட்சியை வேறொரு கணக்கால் அளந்தார். மெகிதோவையோ படையையோ ஆலயச் சீர்திருத்தத்தையோ அவர் அங்கே பேசவில்லை. உன் தந்தை உண்டு குடித்து வாழ்ந்தான், ஏழையின் வழக்கையும் எளியவனின் வழக்கையும் தீர்த்தான், என்னை அறிவது அதுவல்லவா என்ற பொருளில் கர்த்தர் கேட்பதாக யோயாக்கீமுக்கு உரைத்தார்.